இமைமேற் பொன்னும் பெட்டிமேற் பெயரும்

கண்ணுக்கு மை எழுதுதல் தமிழ் மக்களிடைப் புதிதாகப் புகுந்த வழக்கமன்று. ‘உண்கண்’ என்னும் ஒரு சொல்லே இதற்குப் போதிய சான்றாம். மையுண்ட கண் என்பது அதன் பொருள். பண்டைச் செய்யுட்களைப் பயில்வோர் அச்சொல்லைப் பன்முறை கண்டிருப்பர். ஆயின் இந்நாளிற் கண்ணைச் சூழ எழுதப்படுவது கருமை ஒன்றேயன்று. பொன், வெள்ளி, செம்பு, வெண்கலம் என்னும் உலோகங்களின் ஒளியையே இமைமேல் ஏற்றுகின்ற ஒருவகைத் தூள் இப்போது கடைகளிலெல்லாம் விற்கப்படுகின்றது. சிறு தகட்டுக் கிண்ணங்களில் வில்லைபோல் அழுத்திவைக்கப்பட்ட இத்தூளை ‘மெட்டாலிக் ஐ ஷாடோ’ என்பர் சிலர். ‘பிரஸ்டு பிக்மெண்ட்’ என்பர் வேறு சிலர். 9, 12, 18 எனப் பல கிண்ணங்களை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிப் ‘பேலட்’ என்று விற்பதும் உண்டு. இப்பொருளைக் குறித்து யாம் ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு இமைப்பூச்சில் என்ன வேலை என்று நகைப்பார் நகைக்க. மேற்சொன்ன இரண்டு பெயர்களுக்கும் இடையே ஒரு பெரிய வழக்கு அடங்கிக் கிடக்கின்றது. சொல்லையும் பொருளையும் ஒத்துப்பார்த்தல் எம் பாடமேயன்றோ?

முதற்கண் ஒரு தடையை விலக்கிவிடுதல் நன்று. கிறிஸ்தவ இல்லங்களிற் கண்ணெழுதுதலை வெறுத்துரைப்போர் யேசபேலைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். அவள் தன் முடிவு நாளிற் கண்ணுக்கு மைதீட்டிய செய்தி இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்து 9-ஆம் அதிகாரத்தில் வருகின்றது. ஆயின் இவ்வன்பர்கள் யோபுவின் மூன்றாம் மகளை மறந்துவிடுகின்றனர். துன்பமெல்லாம் நீங்கிய பின்னர் அப்பக்தர் அவளுக்கு இட்ட பெயர் கேரேனாப்புக் என்பது. கண்மை வைக்கும் கொம்பு என்பது எபிரெய மொழியில் அதற்குப் பொருள். நீதிமானாகிய ஒரு தந்தை தன் அருமை மகளுக்கு மைக்கொம்பு என்றே பெயரிட்டனராயின், மையிற் பாவம் குடியிருக்கின்றது என்று யாம் சொல்லத் துணியோம். ஆதலின் இமைக்கு நிறமிடுதல் தகுமா, தகாதா என்பது எம் வினாவன்று. இடுகின்ற பொருள் எத்தகையது, அது தன் வேலையைச் செய்கின்றதா, அதன் பெட்டி உண்மை பேசுகின்றதா என்பனவே யாம் ஆராய விரும்புவன.

சென்ற ஆண்டு எம் கல்லூரியில் நடைபெற்ற கிறிஸ்து பிறப்பு நாடகத்திற்கு ஒப்பனை செய்யும் வேலை எம் வகுப்பினரிற் சிலர்க்கு வாய்த்தது. கீழ்த்திசை ஞானியர் மூவருக்கும் காபிரியேல் தூதனுக்கும் இமைமேல் ஒளி வீசவேண்டும் என்பது நாடகத்தை நடத்திய ஆசிரியரின் விருப்பம். பெட்டி இரண்டு வாங்கினோம். ஒன்றிற் பொன், வெள்ளி, செம்பு, வெண்கலம் என்னும் உலோக நிறங்கள். மற்றொன்றில் இளஞ்சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்னும் பகட்டு நிறங்கள். பின்னவையும் உலோகம்போல் மின்னுவனவே. முன்னதன்மேல் ‘ஐ ஷாடோ’ என்றும் பின்னதன்மேல் ‘பிரஸ்டு பிக்மெண்ட்’ என்றும் அச்சிட்டிருந்தது. அவ்வேற்றுமையை அன்று யாம் பொருட்படுத்தவில்லை.

ஒப்பனையில் எமக்கு முன்பழக்கம் சிறிதும் இல்லை. மென்மயிர்த் தூரிகையால் தூளைத் தொட்டு முதல் ஞானியின் இமையில் தடவினோம். இமையில் ஒட்டியது காற்பங்கு. கன்னத்தில் உதிர்ந்தது முக்காற்பங்கு. நட்சத்திரத்தைத் தேடி வந்தவர் முகமெங்கும் நட்சத்திரங்களோடு நின்றார். அப்போது அங்கு வந்த மூத்த மாணவியார் ஒருவர், “தூரிகையைக் கீழே வையுங்கள் தம்பிகளே, விரலால் ஒற்றுங்கள்” என்றார். ஒற்றினோம். புளியிட்டுத் துலக்கிய செப்புக்குடம்போல இமை பளபளத்தது! அதே தூள், அதே இமை; கருவி மட்டும் மாறிற்று. இரண்டாம் ஞானிக்கு வெண்கலம் இட்டோம், அதுவும் சிறந்தது. மூன்றாமவருக்கு வெள்ளியை இட்டபோதோ, அவருடைய கருநிற இமையில் அது வெள்ளியாகத் தோன்றாமல் அடுப்புச் சாம்பல்போலத் தோன்றிற்று. விலையும் ஒன்று, செய்தாரும் ஒருவர். ஒரு கிண்ணத்துத் தூள் ஒளிர்வதும் மற்றொன்று வெளிறுவதும் ஏன் என்று அன்றே எமக்கு வியப்பாயிருந்தது. பின்னர் வேதியியல் பயிலும் நண்பரையும் நூலகத்தையும் துணைக்கொண்டு அறிந்தவற்றைச் சொல்லுகின்றோம்.

உலோகம்போல் மின்னும் இத்தூளிற் பெரும்பாலும் உலோகம் இல்லை. அலுமினியத் தூள், செப்புத் தூள், வெண்கலத் தூள் ஆகியவற்றைக் கண்ணருகே இடும் பொருள்களிற் சேர்க்க அமெரிக்க நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கின்றது. ஆதலின் சிலவற்றில் அவை இருத்தல் கூடும். வெள்ளியையோ நகப்பூச்சில் மட்டுமே சேர்க்கலாம், அதுவும் நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு விதி. எனவே அங்கிருந்து வரும் இமைப்பூச்சில் வெள்ளி என்று பெயர் பெற்றது வெள்ளியன்று. உண்மையில் மின்னுவது மைக்கா என்னும் கனிப்பொருள். வடமொழியில் அப்பிரகம் என்பர். நம் நாட்டுப்புற மக்கள் இதற்குக் காக்காய்ப்பொன் என்று பெயரிட்டனர். மணலிற் பொன்போல் மினுங்கும், கையிலெடுத்தாற் பொன்னன்று. இதனை இத்துணைச் சுருக்கமாகச் சொல்லும் பெயர் வேறெம்மொழியிலேனும் உண்டோ என ஐயுறுகின்றோம்.

மைக்கா ஏடு ஏடாகப் பிரியும் இயல்பினது. அதனை நுண்ணிய தகடுகளாக உடைத்து, ஒவ்வொரு தகட்டின்மீதும் டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் பொருளை மெல்லிய உறையாக ஏற்றுவர். அவ்வுறையின் தடிப்பே நிறத்தைத் தீர்மானிக்கின்றது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஏறத்தாழ 50 நானோமீட்டர்த் தடிப்புள்ள உறை வெண்மையாக ஒளிரும். தடிப்பு ஏற ஏறப் பொன்னிறமும், பின்னர்ச் சிவப்பும், நீலமும், பச்சையும் முறையே தோன்றும். சாயம் ஒரு துளியும் கலவாமலே இவையெல்லாம் நிகழ்கின்றன. சோப்புக் குமிழியிலும், மழைநீரின்மேல் மிதக்கும் எண்ணெயிலும் காண்கின்ற நிறங்கள் எவ்வாறு பிறக்கின்றனவோ அவ்வாறே இவையும் பிறக்கின்றன. டைட்டானியத்துக்கு மாறாக இரும்பின் ஆக்ஸைடை உறையாக ஏற்றினால் வெண்கலம், செம்பு, செம்மண் ஆகிய நிறங்கள் வரும். அஃதாவது, எம் ஞானியின் இமையில் அத்துணை அழகாக விளங்கியது துருவேயன்றி வேறன்று.

இம்முறை கைவருவதற்கு முன்னர் மனிதர் முத்தொளியை மீனிடம் கடன் வாங்கினர். 17-ஆம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரத்து ஜெபமாலை செய்வோராகிய ஜாக்கின் என்பார், ஆற்றுமீன் ஒன்றன் செதிலிலிருந்து எடுத்த ஒளிப்பொருளைக் கண்ணாடி மணிகளின் உட்புறத்திற் பூசிப் போலிமுத்துச் செய்தார். பின்னர் ஈயத்தின் கார்பனேட்டும் பிஸ்மத் உப்பும் அவ்விடத்தைப் பெற்றன. மைக்காத் தகட்டின்மீது உறையேற்றும் வழி 1960-களில் அமைந்தது. அதன்பின்னரே இமைமேற் பொன் எளிய விலைக்கு வந்தது.

நிற்க. வெள்ளி சாம்பலானதன் காரணம் இப்போது விளங்கும். வெண்மையாக ஒளிரும் தகடுகளோடு டால்க் முதலிய வெண்பொடிகளும் சேர்ந்து கருநிறத் தோலிற் கிடக்கும்போது, ஒளி ஒரு திசையிற் செல்லாது நாற்புறமும் சிதறுகின்றது. சிதறிய வெண்மை சாம்பலாகத் தோன்றுகின்றது. இரும்புறை பெற்ற செம்பும் வெண்கலமுமோ நம் தோலின் நிறத்தோடு உறவுடையன. ஆதலின் அவை தோலிலிருந்தே எழுந்த ஒளிபோல் விளங்குகின்றன. ஆயினும் கருமை குறையென்று எவரும் எண்ணற்க. உறைத்தடிப்பினாற் பிறக்கும் நீலமும் பச்சையும் ஊதாவும் வெண்ணிறத் தோலிற் பாதி மறைந்துபோகும். என்னையெனின், தகட்டை ஊடுருவிச் சென்ற எஞ்சிய ஒளியும் வெண்தோலிற் பட்டுத் திரும்பி வந்து நிறத்தைக் கெடுக்கும். கருந்தோல் அவ்வொளியை விழுங்கிவிடுகின்றது. நிறம் கலப்பின்றி மேலெழுகின்றது. ஓவியர் இத்தகைய தூளைக் கருந்தாளிற் பூசிக் காட்டுவதும் இதனாலேயே. இருநிறம் காட்டும் மயிற்கழுத்து நிறங்கள் நம்மனோர்க்கே முழுப்பயன் தருவன. இதனை எந்த விளம்பரமும் எமக்குச் சொல்லவில்லை.

இனி விரலும் தூரிகையும். கூரையில் ஓடு ஒழுங்காகப் படிந்திருந்தால் மழைநீர் ஒரே பக்கமாக ஓடும். தாறுமாறாகக் கிடந்தால் எங்கும் தெறிக்கும். தகடுகளும் அத்தன்மையவே. அவை தட்டையாகப் படிந்தாலன்றிக் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பமாட்டா. மென்மயிர்த் தூரிகை அவற்றைக் கிளறி நிறுத்துகின்றது. விரலோ தன் சிறிது எண்ணெய்ப்பசையாலும் வெம்மையாலும் அவற்றை அழுத்திப் படியவைக்கின்றது. நீர் தெளித்த தட்டைத் தூரிகையும் அவ்வேலையைச் செய்யும். தகடு பெரிதாகுந்தோறும் மினுக்கம் மிகும். ஆனால் தோலை மூடும் திறனும் ஒட்டும் திறனும் குறையும். உதிர்ந்து கண்ணுள் விழும் தீங்கும் பெரிய தகட்டிற்கே மிகுதி. கண்ணுக்குள் லென்ஸ் அணிவோர் பெரிய மினுக்கத் தகடுகளை அறவே விலக்குதல் நன்று என்பது எம் கருத்து.

அழுத்துதலிலும் ஒரு நுட்பம் உண்டு. மினுக்கமில்லாத நிறத்தூளை எவ்வளவு அரைத்தாலும் அது கெடாது. சில வேளை மேன்மேலும் நேர்த்தியடையும். மின்னும் தூளை அவ்வாறு அரைத்தால் தகடுகள் நொறுங்கி ஒளி மங்கும். ஆதலின் மெதுவாகக் கலந்து, எண்ணெய், சிலிகோன் போன்ற பிணைபொருளைச் சிறிது மிகுதியாகச் சேர்த்து அழுத்துவர். பிணைபொருள் குறைந்தால் வில்லை உடைந்து தூளாகும். மிகுந்தால், விரல் பட்டுப் பட்டு மேற்பரப்பு கல்போல் இறுகி, தூள் கையில் வாராது. அவ்வாறு இறுகிய வில்லையின் மேற்படலத்தை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்தால் அது மீண்டும் வேலை செய்யும். நீரை வில்லையின்மேல் நேரே தெளிப்பது தவறு. இறுகுவதோடு கிருமியும் வளரும். தூளைப் புறங்கையில் எடுத்து அங்கேயே நனைத்துக்கொள்ளல் வேண்டும். நாடகத்தில் எல்லார்க்கும் ஒரே தூரிகையைப் பயன்படுத்தினோம் என்று நாணத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம். கண்ணோய் ஒருவர்க்கிருந்தால் அனைவர்க்கும் பரவியிருக்கும்.

கடையில் முன்கையிற் கோடிழுத்துப் பார்த்து வாங்குவோர் பலர். முன்கை அசையாது, எண்ணெய் கசியாது, மடியாது. இமையோ நிமிடத்திற்கு 15 முறையளவு இமைக்கின்றது. இரண்டு மணி நேர நாடகத்தில் எத்தனை முறை மடிகின்றது என்று படிப்போர் கணக்கிட்டுக்கொள்க. முன்கையில் வெண்ணெய்போல் வழுக்கி மின்னியது, இமையின் மடிப்பில் ஒரு கோடாகத் திரண்டு நிற்பதை யாமே மூன்றாம் காட்சியிற் கண்டோம். இமையில் முன்னரே சிறிது பசைப்பூச்சு இட்டு, அதன்மேல் ஒற்றப்பட்ட செம்பு மட்டும் இறுதிக் காட்சிவரை நின்றது. மொத்தத்தில் இப்பொருளின் திறத்தில் எமக்குக் குறையில்லை. முறையறிந்து இட்டால், முன்வரிசையினர்க்கேயன்றிப் பின்வரிசையினர்க்கும் தெரியும் ஒளியை அது தருகின்றது.

எம் குறை அதன் பெயரைப் பற்றியது.

காபிரியேலாக நடித்த நண்பர்க்கு இரண்டாம் பெட்டியிலிருந்து இளஞ்சிவப்பும் ஊதாவும் இட்டிருந்தோம். மறுநாட் காலை அவருடைய இமைகள் சிவந்து வீங்கி அரித்தன. கழுவியும் இளஞ்சிவப்புக் கறை இரண்டு நாள் நீங்கவில்லை. மருத்துவர் மருந்து கொடுத்தார். நான்காம் நாள் நலமாயிற்று. தூளே காரணமென்று அறுதியிட்டுரைப்பது நேர்மையன்று, தூரிகையும் காரணமாகலாம். ஆயின் மருத்துவர் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பூதக்கண்ணாடியால் அடிப்புறத்தைப் படித்துக் காட்டினார். சில நிறங்கள் கண்ணைச் சூழ்ந்த பகுதிக்கு உரியனவல்ல என்று எறும்பினும் சிறிய எழுத்தில் அங்கே அச்சிட்டிருந்தது. அப்பெட்டியின் மேன்மூடியில் அச்சிட்டிருந்த படம் யாதென்று நினைக்கின்றீர்கள்? அதே நிறங்கள் தீட்டப்பெற்ற ஒரு கண்!

இப்புதிருக்கு விடை அமெரிக்க நாட்டுச் சரித்திரத்தில் உள்ளது. 1930-களின் தொடக்கத்தில் அங்கு ‘லாஷ் லூர்’ என்னும் இமைமயிர்ச் சாயம் ஒன்று விற்கப்பட்டது. நிலக்கரித் தாரிலிருந்து பெறும் ஒரு சாயப்பொருள் அதில் இருந்தது. அதனை இட்டுக்கொண்ட மகளிர் சிலர் கண்ணிழந்தனர். ஓர் உயிரும் போயிற்று. அழகுப் பொருள்களைத் தடுக்கும் அதிகாரம் அந்நாளில் அரசாங்கத்துக்கு இல்லை. 1938-ஆம் ஆண்டு உணவு, மருந்து, அழகுப் பொருட் சட்டம் நிறைவேறிய பின்னரே அச்சாயம் கைப்பற்றப்பட்டது. 1960-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், ஒவ்வொரு சாயமும் இன்ன இன்ன பயனுக்குத் தக்கதென்று முன்கூட்டியே இசைவு பெறுதல் வேண்டுமென்று ஆயிற்று. கண்ணைச் சூழ இடுவதற்குத் தனி இசைவு வேண்டும். மைக்கா, டைட்டானியம் டையாக்ஸைடு, இரும்பு ஆக்ஸைடுகள், அல்ட்ராமரீன் நீலம், ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு முதலியன அவ்விசைவைப் பெற்றுள்ளன. நிலக்கரித்தார் வழிவந்த சாயங்களுள் இசைவு பெற்றனவோ மிகச் சில. உதட்டுக்கு இடலாம் என்று ஒப்பப்பட்ட பகட்டுச் சிவப்புகளும் இளஞ்சிவப்புகளும் பல, கண்ணுக்கு ஒப்பப்படவில்லை.

வாங்குவோரோ அந்நிறங்களையே கேட்கின்றனர். விற்போர் என் செய்வர்? கண்ணுக்கென்று சொன்னாற் சட்டம் தடுக்கும். ஆதலிற் கண் என்னும் சொல்லையே பெயரினின்றும் எடுத்துவிட்டனர். ‘ஐ ஷாடோ’ போயிற்று. ‘பிரஸ்டு பிக்மெண்ட்’ வந்தது. அழுத்திய நிறத்தூள் என்பது அதன் பொருள். எதன்மேல் இடுவதற்கு? பெயர் வாய் திறவாது. படம் மட்டும் கண்ணைக் காட்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நிறம் செறிந்தது என்னும் பெருமை தோன்றுதற்பொருட்டு, கண்ணுக்கு முற்றும் இசைவு பெற்ற செம்புக்கும் பொன்னுக்குங்கூட இப்பெயரையே இடுகின்ற விற்பனையாளரும் உளர். ஆகவே ஒரே சொல் ஒரு பெட்டியில் எச்சரிக்கையாகவும் மற்றொரு பெட்டியில் தற்புகழ்ச்சியாகவும் நிற்கின்றது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருத்தல் மொழிக்குப் புதியதன்று. இடம் நோக்கிப் பொருள்கொள்க என்பர் இலக்கணமுடையார். ஈண்டோ இடம் நோக்கினும் பொருள் விளங்குவதில்லை. நச்சுக் குப்பிக்கும் தேன் குப்பிக்கும் ஒரே சீட்டை ஒட்டிவிட்டு, உட்பொருளை அடியிற் படித்துக்கொள்க என்பது என்ன வாணிகம்?

விற்போர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கமாட்டோம். அமெரிக்கா விலக்கிய சாயங்களுட் பலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் கண்ணருகேயும் இசைகின்றது. இசைவு பெறாமை தீங்கென்று மெய்ப்பிக்கப்பட்டதாகாது. அச்சாயத்துக்கு இசைவு கேட்டு ஆராய்ச்சி செய்து விண்ணப்பிக்கும் பொருட்செலவை எவரும் ஏற்கவில்லை என்பதே காரணமாகலாம் என்று அவர்கள் கூறுவர். கூறுவது முழுதும் பொய்யன்று. பண்டையது எல்லாம் தூயது என்பாரோடும் யாம் உடன்படோம். சுர்மா எனப்படும் பழைய மைகள் சிலவற்றில் ஈயம் இருப்பது பலமுறை கண்டறியப்பட்டது. ஆயினும் எம் கேள்வி சாயத்தைப் பற்றியதன்று, சொல்லைப் பற்றியது. தீங்கில்லை என்று நம்புவோர் கண்ணுக்கென்றே பெயரிட்டு, இசைவு பெற்று, விளைவுக்குப் பொறுப்பேற்க. நம்பாதோர் கண்ணின் படத்தை எடுத்துவிடுக. படத்தால் ஏவி எழுத்தால் மறுப்பது ஒரு வாயால் இரண்டு பேசுவதேயாம்.

நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டு மருந்து அழகுப் பொருட் சட்டமும் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளும் நடைமுறையில் உள்ளன. ஈயமோ பாஷாணமோ கலந்த சாயத்தை அழகுப் பொருளிற் சேர்த்தலை அவை விலக்குகின்றன. உட்பொருள்களைப் பெட்டியில் அச்சிடவும் கட்டளையிடுகின்றன. எம் வேண்டுகோள் சிறிது: கண்ணுக்கு உரியதன்று என்னும் எச்சரிக்கை, பொருளின் பெயர் எந்த எழுத்தில் அச்சாகின்றதோ அதில் பாதி அளவிலேனும், மேன்மூடியிலேயே அச்சாதல் வேண்டும். பூதக்கண்ணாடி எல்லார் வீட்டிலும் இல்லை.

பெட்டியைக் கையிலெடுத்த பின்னர் அடிப்புறத்து உட்பொருள் வரிசை முழுவதையும் படித்தோம். இரண்டு பெட்டிகளிலும் முதலில் நின்ற சொல் மைக்கா. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓரெழுத்தும் இல்லை. மைக்கா நம் நாட்டுப் பொருள். ஒருகாலத்திற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ப் பக்கத்திலும் அது தோண்டப்பட்டது. ஆயினும் அதன் பேரிடம் ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடீ மாவட்டங்களும், அவற்றையடுத்த பீகாரின் நவாதா மாவட்டமுமாம். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் காட்டிலிருந்த சுரங்கங்கள் பல உரிமை புதுப்பிக்கப்படாமல் மூடுண்டன. மூடுண்ட பின்னரும் தோண்டுதல் நிற்கவில்லை. வேலையற்ற குடும்பங்கள் கைவிடப்பட்ட குழிகளில் இறங்கி, டிப்ரா என்று வழங்கும் மைக்காத் துணுக்குகளைப் பொறுக்கி விற்றன. குழியின் வாய் குறுகியது. ஆகையாற் சிறுவர் இறங்கினர். அப்பகுதியில் ஏறத்தாழ 20,000 சிறார் இவ்வேலையில் இருப்பதாக 2016-இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் மதிப்பிட்டன. அதே ஆண்டிற் குழி சரிந்து சிறார் இறந்ததும், இறப்புகள் மறைக்கப்பட்டதும் பத்திரிகையாளரால் வெளியாயின. 2017-இல் வாங்குவோரும் விற்போருமாகிய நிறுவனங்கள் கூடிப் பாரிஸிற் பொறுப்புள்ள மைக்கா முயற்சி என்னும் சங்கம் ஒன்றை நிறுவின.

சில நிறுவனங்கள் இயற்கை மைக்காவை விடுத்து ஆய்வுக்கூடத்திற் செய்த மைக்காவுக்கு மாறின. உட்பொருள் வரிசையிற் ‘சிந்தெடிக் ஃபுளோர்ஃப்ளோகோபைட்’ என்று காணப்படுவது அதுவே. இரும்புக் கலப்பு இன்மையால் அது இயற்கை மைக்காவினும் தெளிவாக ஒளிரும். ஆகவே பொருளின் திறம் குறையுமென்ற அச்சம் வேண்டா. ஆயின் அதனை வாங்குவதோடு எம் கடன் தீர்ந்ததென்று சொல்ல மனம் வரவில்லை. எல்லாரும் அதற்கு மாறிவிட்டால், கோடர்மாவின் தாய் ஒருத்தி அன்றாடம் பெறும் சிறு கூலியும் போகும். சிறுவன் குழியினின்றும் ஏறியவுடன் பள்ளிக்குத்தான் செல்வான் என்பதற்கு உறுதி யாது? உரிமை பெற்ற சுரங்கம், பெரியோர்க்கு நேரிய கூலி, சிறுவர்க்குப் பள்ளி என மூன்றும் அங்கேயே அமைந்தாலன்றி இது தீராது. அதுகாறும், மைக்கா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை சொல்லும் நிறுவனத்தின் பொருளை யாம் வாங்குவோம், சொல்லாததை வாங்கோம். நாடகச் செலவுக்குக் கல்லூரி தரும் பணத்தில் இவ்வளவே எம்மால் இயலுவது.

இரண்டு பெட்டிகளைச் செய்தோர்க்கும் யாம் கடிதம் எழுதினோம். ஒருவர் விடை வந்தது. மற்றவர் விடை இன்னும் வரவில்லை. விடை தந்தவரிடமே இவ்வாண்டு நாடகத்திற்குச் செம்பும் வெண்கலமும் வாங்கியிருக்கின்றோம். நடிகர் ஒவ்வொருவர்க்கும் தனித்தூரிகையும் வாங்கினோம். காபிரியேலுக்கும் இம்முறை பொன்னே. எஞ்சிய இளஞ்சிவப்பை எறிய மனமின்றி, பசை கலந்து தூதனுடைய காகிதச் சிறகுகளிற் பூசினோம். ஒத்திகையில் விளக்கொளி பட்டபோது அது மிக அழகாக மின்னிற்று.